பல்பில் மிச்சம் பிடிக்கலாம், வயரில் கூடாது

(தேசிய நுகர்வோர் தினத்தையொட்டி நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது சின்ன விஷயம்போலத் தோன்றும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளும் ஆன்லைன் கடைகளும் எலெக்ட்ரிகல் மொத்த வியாபாரிகளும் தங்கள் சொந்தப் பெயரைப் போட்டு பல்பு, டியூப்லைட், சுவிட்ச், பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வயர் என்று எல்லாவற்றையும் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா? வீடு கட்டுகிறவர்கள் கேட்கிறார்கள். வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் கேட்கிறார்கள். எலெக்ட்ரீஷியன் எழுதிக்கொடுத்த சாமான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கடை வாசலில் நின்றபடியே போன் போட்டுக் கேட்கிறவர்களும் உண்டு. "சார், கம்பெனி சாமானே வாங்கணுமா, கடைக்காரர் பேர் போட்டதே போதுமா? பாதி விலைதான் சொல்றார்." ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவுக்குப் பாடம் நடத்தியவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போனால் அறை இருட்டாகும், அவ்வளவுதான் என்கிற பொருளைக் கடையின் சொந்தப் பெயரில் தாராளமாக வாங்குங்கள். கெட்டுப்போனால் சுவர் சூடாகும், ஷாக் அடிக்கும் என்கிற பொருளில் விலை பார்க்காதீர்கள். பல்பு முதல் வகை. வயர், சாக்கெட், ஆபத்தான நேரத்தில் கரண்ட்டைத் துண்டிக்கிற எம்.சி.பி. எல்லாம் இரண்டாம் வகை. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன; பில்லிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. அதனால் நாமும் இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்துவிடுகிறோம்.

பெயர் தெரியாத பொருள் என்றாலே மட்டம் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. பல்பு விஷயத்தில் அந்தப் பயம் வேண்டாம். நம் நாட்டில் எல்.இ.டி. பல்பு ஏழை வீட்டுக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். 2014 தொடக்கத்தில் மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது ஒரு பல்பின் விலை 310 ரூபாய். 2015 ஜனவரி 5ஆம் தேதி, அந்தப் பல்புகளை வீடுகளுக்குக் கொடுக்கிற உஜாலா திட்டம் தொடங்கியது. 2016இல் அதே கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. இ.இ.எஸ்.எல்.லுக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. டெண்டரில் வென்ற பல கம்பெனிகள் செய்து கொடுத்தன. ஜனங்கள் அதை உஜாலா பல்பு என்றுதான் கேட்டு வாங்கினார்கள். எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் விநியோகமாயிற்று. மொத்தமாக வாங்கியதால் விலை இறங்கியது, எல்.இ.டி. சில்லுகளின் விலையும் அந்தக் காலத்தில் உலகம் முழுக்க வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. தரம் எப்படி இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று வருஷத்துக்குள் போனால் மாற்றித் தர வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

இதற்கு முன்னோடியாக இன்னொரு கதை இருக்கிறது. அதை என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். 1924 டிசம்பரில் உலகத்தின் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி ஒரு கூட்டு அமைத்தன. ஃபீபஸ் என்று அதற்குப் பெயர். ஜெர்மனியின் ஆஸ்ராம், ஹாலந்தின் பிலிப்ஸ் எல்லாம் அதில் இருந்தன. ஆளுக்கொரு சந்தை என்று நாடுகளைப் பிரித்துக்கொண்டார்கள். பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அதற்கு மேல் எரிகிற பல்பைச் செய்த உறுப்பினர் கம்பெனிக்கு அபராதம் விதித்தார்கள். அந்தக் கூட்டை எதிர்த்து நின்றது யார் தெரியுமா? சுவீடன் நாட்டுக் கூட்டுறவு பண்டகசாலைகள். அவற்றின் இணையம் ஸ்டாக்ஹோமில் சொந்தமாகத் தொழிற்சாலை போட்டு, 1931இல் 'லூமா' என்ற தன் சொந்தப் பெயரில் பல்பு விற்கத் தொடங்கியது. அந்நாட்டுச் சந்தையில் பெரிய கம்பெனிகளும் விலையை இறக்க வேண்டியதாயிற்று. பெரிய பெயர் என்றாலே நமக்கு நல்லது செய்வார்கள், சின்னப் பெயர் என்றாலே ஏமாற்றுவார்கள் என்று சரித்திரம் சொல்லவில்லை. இன்றைக்கும் ஐகியா தன் கடைகளில் விற்பது தன் பெயர் போட்ட எல்.இ.டி. பல்பைத்தான். நம் ஊரில் பெரிய பிராண்டுகள் பலவற்றுக்குப் பல்பு செய்து கொடுத்து வந்தவை டிக்சன் டெக்னாலஜிஸ் போன்ற ஒப்பந்த உற்பத்தி நிறுவனங்கள். டிக்சன் பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி. இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

ஆகவே பெட்டியின் முன்பக்கத்துப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

வீட்டில் எரியாமல் போன 9 வாட் பல்பு ஒன்று நிச்சயம் இருக்கும். ஹோல்டரிலிருந்து கழற்றி, ஆறவிட்டு, மேலே இருக்கிற வெள்ளைக் குமிழை நெம்பி எடுங்கள். உள்ளே வட்டமாக ஓர் அலுமினியத் தகடு. அதன்மேல் மஞ்சள் பொட்டுகள் வளையமாக ஒட்டியிருக்கும். அந்தப் பொட்டுகள்தான் எல்.இ.டி.கள். உற்றுப் பார்த்தால் ஏதோ ஒரு மஞ்சள் பொட்டின் நடுவே ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி தெரியலாம். எல்லாப் பொட்டுகளும் ஒரே வரிசையில் இணைக்கப்பட்டவை என்பதால், அந்த ஒன்று கருகியதும் பல்பு மொத்தமாக அணைந்துவிட்டது. இப்போது தகட்டைத் தூக்கினால் கீழே டிரைவர் என்று சொல்கிற சின்ன சர்க்யூட். அதில் உருளையாக நிற்பது கெப்பாசிட்டர். அதன் உடம்பில் 105 டிகிரி என்றோ 85 டிகிரி என்றோ அச்சிட்டிருப்பார்கள். எவ்வளவு சூட்டை அது தாங்கும் என்பதற்கான எண் அது. சூடு 10 டிகிரி குறைந்தால் அந்தக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு.

மலிவான பல்பில் காசு மிச்சமாவது இந்த மூன்று இடங்களில்தான். பன்னிரண்டு எல்.இ.டி. வைக்க வேண்டிய இடத்தில் ஏழோ எட்டோ வைத்து, ஒவ்வொன்றிலும் அதிகக் கரண்ட்டை ஏற்றுவார்கள். வெளிச்சம் குறையாது, சூடு கூடும். சூட்டை வாங்கி வெளியே விட வேண்டிய அலுமினியத்தை மெலிதாக்குவார்கள். கெப்பாசிட்டரில் சின்ன எண் உள்ளதைப் போடுவார்கள். கடையில் நின்று பல்பைப் பிரித்துப் பார்க்க முடியாது. கையில் தூக்கிப் பார்க்கலாம். ஒரே வாட்டில் இரண்டு பிராண்டை இரண்டு கையில் வையுங்கள். கனமாக இருப்பதில் அலுமினியம் அதிகம். கைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இன்னொரு சோதனையையும் கடையிலேயே செய்யலாம். பல்பை எரியவிடச் சொல்லி, செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். நம் கரண்ட் ஒரு நொடிக்கு 50 சுற்று. மட்டமான டிரைவர் உள்ள பல்பு அதனால் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண் அதைப் பார்க்காது. வீடியோவில் வெளிச்சம் துடிப்பது நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட பல்பை மாடிப்படிக்கும் ஸ்டோர் ரூமுக்கும் போடலாம். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற மேஜைக்கு வேண்டாம். சிலருக்குக் கண் வலியும் தலைவலியும் கொடுக்கும்.

மின்சாரச் செலவைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. மலிவு பல்பு கரண்ட்டைத் தின்னும் என்பார்கள். கணக்குப் போட்டுவிடலாம். நல்ல பல்பு 9 வாட்டில் 900 லூமன் வெளிச்சம் தரும். சுமாரானது அதே வெளிச்சத்துக்கு 12 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 5 மணி நேரம் எரிந்தால் வருஷத்துக்கு அதிகமாகும் செலவு ஐந்தரை யூனிட். இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய 60 வாட் குண்டு பல்பு அதே நேரம் எரிந்தால் வருஷத்துக்கு 109 யூனிட் ஆகும். அதிலிருந்து எல்.இ.டி.க்கு மாறியதுதான் பெரிய மிச்சம். எந்தப் பெயர் போட்ட எல்.இ.டி. என்பது அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. ஆனால் பெட்டியில் வாட்டை மட்டும் போட்டு லூமனைப் போடாத பல்பைத் தொடாதீர்கள்.

நம் ஊருக்கென்று ஒரு பிரச்சினை இருக்கிறது. மழைக்காலத்தில் நியூட்ரல் அறுந்துபோனால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட் வரைக்கும் ஏறும். தெருவே பல்பு மாற்றும். கரண்ட் போய்த் திரும்பி வருகிற நொடியில் வருகிற அதிர்ச்சி வேறு. அதனால் பெட்டியில் 100 முதல் 300 வோல்ட் வரை வேலை செய்யும் என்றும், சர்ஜ் என்கிற அந்த அதிர்ச்சியைத் தாங்கும் அளவு இத்தனை கிலோவோல்ட் என்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைப் பெயர் பல்புகளில் சிலர் இதைப் போடுகிறார்கள், சிலர் போடுவதில்லை. போட்டவருடையதை எடுங்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் மூடி வைக்கிற விளக்கில் எந்தப் பல்பைப் போட்டாலும் சூட்டில் சீக்கிரம் போகும். அதற்குப் பிராண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

சொந்தப் பெயர் பல்பில் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. கடைக்காரர் இந்த வருஷம் ஒரு தொழிற்சாலையில் செய்யச் சொல்வார். அடுத்த வருஷம் இன்னும் இரண்டு ரூபாய் குறைவாகக் கேட்கிற வேறு தொழிற்சாலைக்கு ஆர்டர் போய்விடும். பெட்டி அதே பெட்டி, பெயர் அதே பெயர். போன தடவை மூன்று வருஷம் எரிந்தது, இந்தத் தடவை எட்டு மாதத்தில் போய்விட்டது என்று ஜனங்கள் குழம்புவது இதனால்தான். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. எல்.இ.டி. பல்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயப் பதிவு வேண்டும். பெட்டியிலும் பல்பின் உடம்பிலும் ஐ.எஸ். 16102 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்குகிற எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பதிவு தரப்படுவது தொழிற்சாலைக்கு, கடைக்கு அல்ல. பழைய பெட்டியின் ஆர் எண்ணும் புதுப் பெட்டியின் ஆர் எண்ணும் ஒன்றாக இருந்தால் அதே தொழிற்சாலைச் சரக்கு. எண் மாறியிருந்தால் புதுப் பல்பாகவே எண்ணி, ஒன்றிரண்டு வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு மேற்கொண்டு வாங்குங்கள். அந்த அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் செய்தது என்ற விவரம் வந்துவிடும். கடைக்காரர் எதிரிலேயே தட்டுங்கள், தப்பில்லை.

எண்ணே இல்லாத பல்புகளும் சந்தையில் ஏராளம். 2017இல் நீல்சன் நிறுவனம் நாட்டின் பெரிய நகரங்கள் சிலவற்றில் 200 எலெக்ட்ரிகல் கடைகளில் ஆய்வு செய்து, 76 சதவீத எல்.இ.டி. பல்பு பிராண்டுகள் பாதுகாப்பு விதிகளின்படி இல்லை என்று சொன்னது. அந்த ஆய்வைச் செய்யச் சொன்னது பெரிய விளக்கு கம்பெனிகளின் சங்கம் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். இருந்தாலும் நம் பஜார்களில் நான் கண்ணால் பார்க்கிறதும் அதற்கு அதிக தூரத்தில் இல்லை. பெயர் பெற்ற கம்பெனியின் பெட்டியை அப்படியே நகல் எடுத்து விற்கிற போலிகளும் இதில் உண்டு. நேர்மையாகத் தன் பெயரைப் போட்டு, பில் கொடுத்து, மாற்றியும் தருகிற கடையின் பல்பு அந்தப் போலியைவிட எவ்வளவோ மேல்.

பல்பைப் பற்றி இவ்வளவு போதும். இப்போது சுவருக்குள் போவோம்.

வயர் வாங்குகிறோம். ஒன்றரை ஸ்கொயர், 90 மீட்டர் சுருள். அதில் எவ்வளவு செம்பு இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடக் கணக்குப் போடலாம். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் பரப்பு, 90 மீட்டர் நீளம். பெருக்கினால் 135 கன சென்டிமீட்டர். செம்பின் அடர்த்தி கிட்டத்தட்ட 9. ஆக ஏறத்தாழ 1.2 கிலோ செம்பு. இரண்டரை ஸ்கொயர் என்றால் 2 கிலோ. இது பி.வி.சி. உறையைச் சேர்க்காத கணக்கு. அன்றைய செம்பு விலையைச் செய்தித்தாளில் பாருங்கள். சுருளின் விலை அந்தச் செம்பின் விலைக்கே எட்டவில்லை என்றால், கம்பி இழுத்த கூலி, உறை, பெட்டி, வண்டி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் எங்கேயிருந்து வந்தன? உள்ளே செம்பு குறைவாக இருக்கிறது. வேறு விளக்கம் கிடையாது. ஒன்றரை என்று எழுதி ஒன்று கொடுத்திருப்பார்கள். அல்லது அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். சுருளைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். வைக்க மறுக்கிற கடையில் வயர் வாங்க வேண்டாம்.

செம்பு குறைந்தால் என்ன ஆகும்? ஒன்றரை ஸ்கொயர் வயரின் தடை ஒரு கிலோமீட்டருக்கு 12.1 ஓமைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒரு ஸ்கொயருக்கு 18.1 ஓம். தடை ஒன்றரை மடங்கு என்றால் அதே கரண்ட்டில் சூடும் ஒன்றரை மடங்கு. எலெக்ட்ரீஷியன் அதை ஒன்றரை ஸ்கொயர் என்று நம்பித்தான் எம்.சி.பி. மாட்டியிருப்பார். வயர் உள்ளே வெந்துகொண்டிருக்கும், எம்.சி.பி. தன் அளவுக்குள்தான் கரண்ட் போகிறது என்று சும்மா இருக்கும். பி.வி.சி. உறை வருஷக்கணக்கில் காய்ந்து, விறைத்து, ஒருநாள் வெடிக்கும். அது பூச்சுக்கு உள்ளே, குழாய்க்குள் நடக்கிறது. யாருக்கும் தெரியாது. பல்பு போனால் மாற்ற ஒரு நிமிஷம். வயரை மாற்றச் சுவரை உடைக்க வேண்டும். இருபது வருஷம் நம்மோடு இருக்கப்போகிற பொருளில் ஒரு சுருளுக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பார்ப்பது எனக்கு மனவேதனை தருகிற விஷயம். வீடு கட்டுகிறவர் டைல்ஸுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு இந்த இடத்தில் கையைச் சுருக்குகிறார்.

சாக்கெட்டில் இதே கதை இன்னும் சீக்கிரம் நடக்கும். 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றைக் கடையில் திருப்பிப் பாருங்கள். பிளக்கின் பின் உள்ளே போய் அமர்கிற தகடும் வயரைப் பிடிக்கிற டெர்மினலும் பித்தளையாக இருக்க வேண்டும். சட்டைப் பையில் சின்னக் காந்தம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கோ திருகோ காந்தத்தில் ஒட்டினால் பரவாயில்லை. கரண்ட் பாய்கிற தகடு ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தகடு பித்தளையாகவே இருந்தாலும் மெலிதாக இருந்தால் சில மாதத்தில் பிடி தளர்ந்துவிடும். தளர்ந்த பிடியில் தடை 0.1 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். 13ஐ 13ஆல் பெருக்கி 0.1ஆல் பெருக்கினால் 17 வாட்டுக்குக் கிட்ட வரும். ஒரு சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் மூன்றில் இரண்டு பங்குச் சூட்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், சுவரோடு சேர்த்து வைத்துப் பூட்டியதற்குச் சமம். கீசர் பிளக் பழுப்பேறி உருகியிருப்பதைப் பார்க்காத எலெக்ட்ரீஷியன் தமிழ்நாட்டில் இல்லை.

சுவிட்சில் தீ அபாயம் தவிர வேறொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. மாடுலர் சுவிட்சுகள் ஒரு கம்பெனியுடையது இன்னொரு கம்பெனியின் பிளேட்டில் பெரும்பாலும் பொருந்தாது. கடைக்காரர் தன் பெயரில் சுவிட்ச் விற்கிறார். ஐந்து வருஷம் கழித்து அந்த வியாபாரத்தை நிறுத்திவிட்டார் என்றால், உங்கள் வீட்டில் ஒரு சுவிட்ச் உடைந்தாலும் பிளேட்டோடு, சில சமயம் உள்ளே இருக்கிற பெட்டியோடு மாற்ற வேண்டியிருக்கும். பல வருஷமாகச் சந்தையில் இருக்கிற கம்பெனியின் சாதாரண ரகமே போதும். விலை உயர்ந்த ரகங்களில் கூடுதல் காசு பெரும்பாலும் வழவழப்புக்கும் நிறத்துக்கும்தான் போகிறது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. மூன்று பின் பிளக் இருக்கும். உள்ளே போகிற வயரில் இரண்டே கம்பி இருக்கும். எர்த் கிடையாது. எந்த நாட்டுப் பிளக்கையும் செருகலாம் என்று ஒரு சாக்கெட் வைத்திருப்பார்கள். எந்தப் பிளக்கும் அதில் கெட்டியாக உட்காராது. அரை ஸ்கொயர் வயரில் இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் ஓடும். 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,380 வாட். ஓர் இண்டக்ஷன் அடுப்பு மட்டும் 2,000 வாட் இழுக்கும். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளும், அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிற இளைஞர்களும்தான் இதை அதிகம் வாங்குகிறார்கள். பெற்றோர் யாராவது இங்கே இருந்தால், பிள்ளைக்குக் கொடுத்தனுப்புகிற பொருள்களில் நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொலுவுக்கும் கார்த்திகைக்கும் தொங்கவிடுகிற சீரியல் செட்டுகளுக்கும் இதையேதான் சொல்வேன். தூங்கப் போகும்முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டிலும் எனக்குச் சமரசம் கிடையாது. ஷார்ட் சர்க்யூட் ஆகிற கணத்தில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். அதை எம்.சி.பி. வெட்டிவிட வேண்டும். நல்ல எம்.சி.பி.யில் 10,000 என்று ஒரு பெட்டிக்குள் அச்சிட்டிருப்பார்கள். அவ்வளவு ஆம்பியரை வெட்ட வல்லது என்று பொருள். அது உண்மையா என்று வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. பல்பைப் போட்டால் எரிகிறதா என்று தெரிந்துவிடும். எம்.சி.பி. வருஷக்கணக்காகச் சும்மா நின்று, ஒருநாள் ஒரு கணம் வேலை செய்ய வேண்டிய பொருள். ஆர்.சி.சி.பி. அதைவிட முக்கியம். வெளியே போன கரண்ட் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டவர் உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். ஒரு மனிதரைக் கொல்ல அந்த அளவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். அவ்வளவு சின்னக் கசிவு எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. நம் பழைய வீடுகள் பலவற்றில் எம்.சி.பி. இருக்கும், ஆர்.சி.சி.பி. இருக்காது.

சட்டம் இதில் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. வயர், சுவிட்ச், பிளக், சாக்கெட், எம்.சி.பி. ஆகியவற்றை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் செய்யவும் விற்கவும் கூடாது. அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் அதைச் சொல்கின்றன. முத்திரைக்கு மேலே தர எண், வயருக்கு ஐ.எஸ். 694, சுவிட்சுக்கு 3854, பிளக் சாக்கெட்டுக்கு 1293. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். வயரில் இது பெட்டியோடு நிற்காமல் வயரின் உடம்பு நெடுக அச்சிட்டிருக்கும். கடையின் சொந்தப் பெயர் என்பதற்காக எதிலும் விலக்குக் கிடையாது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னும் முக்கியமான ஒன்று இருக்கிறது. பிறர் செய்த பொருளின்மேல் தன் பெயரைப் போட்டு விற்கிறவரும் அந்தப் பொருளின் உற்பத்தியாளரே என்று இரண்டாம் பிரிவிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பொருளால் வீட்டுக்கோ உடம்புக்கோ சேதம் வந்தால், "நான் விற்றவன்தான், செய்தவன் வேறு ஆள்" என்று கடைக்காரர் கைகழுவ முடியாது. சொந்தப் பெயர் போடுவதால் வரும் லாபத்தோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. ஆனால் பில் இல்லாமல் வாங்கினால் இந்தச் சட்டத்தின் உதவியைப் பெறுவது கடினம். "பில் வேண்டாம்னா பத்து பர்சென்ட் குறைச்சுக்கலாம்" என்று சொல்கிற இடத்தில் அந்தப் பத்து சதவீதத்துக்கு நம் உரிமையை விற்றுவிட்டு வருகிறோம். பில்லைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் ஆறு மாதத்தில் எழுத்தழிந்துவிடும். மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

எலெக்ட்ரீஷியன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய கம்பெனிகளின் பெட்டிகளில் அவர்களுக்கென்று பாயின்ட் கூப்பன் வருவதும், கடைகள் கமிஷன் கொடுப்பதும் ஊர் அறிந்தது. அவர்கள் சொல்வதையெல்லாம் சந்தேகப்பட வேண்டியதில்லை. எந்தச் சாக்கெட் எத்தனை வருஷத்தில் உருகியது என்பது அவர்கள் கைக்குத்தான் தெரியும். பல்பு எந்தக் கம்பெனி என்று அவரிடம் கேட்க வேண்டாம். அதை நீங்களே முடிவு செய்யலாம். வயரும் சாக்கெட்டும் எது நிலைக்கிறது, எது நிலைப்பதில்லை என்று கேளுங்கள், ஏன் என்றும் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தவர் சொல்லைத் தள்ளிவிடாதீர்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் மெயின் போர்டைத் திறந்து, 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தானோடு ஓர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வீட்டில் கம்ப்யூட்டர் எதுவும் ஓடாத நேரமாகப் பார்த்து அந்தப் பொத்தானை அழுத்துங்கள். உடனே கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் நாளைக்கே மாற்றச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யே இல்லை என்றால், இருபது விளக்கு இருக்கிற வீட்டில் கடைப் பெயர் பல்பு வாங்கி மிச்சம் பிடிக்கிற பணம் அதன் விலையில் ஒரு நல்ல பகுதி வரும். அந்தப் பணத்தை அதில் போடுங்கள்.